ஆல்டர் செய்த கார் ‘டோட்டல் லாஸ்’ ஆனால்: இன்சூரன்ஸ் பேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோட்டல் லாஸ் கிளைமில் கைக்கு வரப்போகும் தொகையில் பெரும்பகுதி, பாலிசியைப் புதுப்பித்த அன்றே முடிவாகிவிடுகிறது. வண்டி நொறுங்கிய பிறகு பேசுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் அலாய் வீல், ஆடியோ, சீட் வேலை என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்த காருக்கு அந்தக் கொஞ்சமே ஒன்றிரண்டு லட்சமாக இருக்கும். அதை விட்டுக்கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதலில் கணக்கு. இந்தியாவில் கார் பாலிசியின் அடிப்படை ஐடிவி, அதாவது காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்ட வண்டியின் மதிப்பு. தயாரிப்பாளர் அறிவித்த விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்ப தேய்மானம் கழித்து இதைப் போடுகிறார்கள்: 6 மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, 2 வருடம் வரை 20%, 3 வருடம் வரை 30%, 4 வருடம் வரை 40%, 5 வருடம் வரை 50%. ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். திருடுபோனாலும் அப்படித்தான்.

12 லட்ச ரூபாய் கார், புதுப்பிக்கும்போது மூன்றரை வயது என்று வைத்துக்கொள்வோம். ஐடிவி 7,20,000. உரிமையாளர் அதில் ஒரு லட்சத்துக்கு ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர், ஸ்கிரீன் எல்லாம் போட்டிருக்கிறார். 80,000 ரூபாய்க்கு அலாய் வீல். பாலிசியில் எதையும் சொல்லவில்லை. வண்டி நசுங்கிப் போனால் அவருக்கு 7,20,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கேட்க வழியில்லை.

ஷெடியூலில் இருக்கும் அந்தப் பூஜ்ஜியங்கள்

உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஐடிவி என்ற தலைப்பின் கீழ் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: வண்டி, மின் சாதனங்கள், மின்சாரம் சாராத உபரிப் பொருட்கள், சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட், மொத்தம். மாற்றம் செய்த கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் நடுவிலுள்ள கட்டங்களில் பூஜ்ஜியம்தான் இருக்கும். ஆன்லைனில் இரண்டு நிமிடத்தில் புதுப்பிக்கும்போது ‘ஆக்சஸரீஸ் உண்டா?’ என்ற கேள்வியை ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போனதன் விளைவு அது.

அந்தக் கட்டத்தை நிரப்ப ஆகும் செலவு பெரிதல்ல. பழைய மோட்டார் டாரிஃப் விதியில் கூடுதல் மின் சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4% பிரீமியம் என்று இருந்தது. இன்றைக்கும் பல நிறுவனங்கள் அதை ஒட்டியே வாங்குகின்றன. மேலே சொன்ன ஆடியோவுக்குத் தேய்மானம் போக 60,000 ரூபாய் மதிப்பு என்றால், பிரீமியம் 2,400 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். சிஎன்ஜி கிட்டுக்கும் இதே முறைதான், ஆனால் அதை ஆர்சியிலும், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழிலும், ஏற்றியிருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாலிசி நடப்பில் இருக்கும்போதே எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தப் பதிவு) போட்டுச் சேர்த்துவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறும் உண்டு. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துக்கொள்வது. குறைந்த ஐடிவி என்றால் 75% என்ற கோடும் கீழே இறங்கிவிடும். பழுதுபார்த்து ஓட்டியிருக்கக்கூடிய வண்டி டோட்டல் லாஸ் ஆகிவிடும், கிடைக்கும் தொகையும் குறைவாக இருக்கும். மாற்றங்களுக்காகப் பணம் போட்டவர் இந்த மிச்சத்தை ஒருநாளும் பிடிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ ஆட்-ஆன் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பிவிடாதீர்கள். அது திருப்பித் தருவது வண்டியின் இன்வாய்ஸ் விலையை ஒட்டிய தொகை. பின்னால் வெளியே போய் மாட்டியது அந்த இன்வாய்ஸில் இருக்காது.

பில் இல்லாத வேலை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, உங்கள் ஊர் ஆக்சஸரீஸ் கடையிலோ, ‘பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்’ என்பார்கள். அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டவர், கிளைம் நேரத்தில் அந்தப் பொருள் தன்னுடையது என்பதற்கே ஆதாரம் இல்லாமல் நிற்கிறார். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், அதில் வண்டி எண்ணை எழுதச் சொல்லுங்கள். மாட்டிய அன்று, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். சீரியல் நம்பர் உள்ள பொருளென்றால் அதையும் படம் எடுங்கள். கழற்றிய ஒரிஜினல் வீல், ஒரிஜினல் ஸ்டீரியோ இவற்றை விற்றுவிடாமல் பரணில் வைத்திருப்பது நல்லது. ஏன் என்பது பின்னால் புரியும்.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்பு புல் பாரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது.

ஆகவே, சீட் கவர், ஸ்பீக்கர் இவை ஒரு பக்கம். சேஸிஸில் கைவைத்தது, இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்சியில் ஏற்றாதது, சொல்லாமல் மாட்டிய எரிவாயு கிட் எல்லாம் வேறு பக்கம். இரண்டாவது வகை இருந்தால் கிளைமையே மறுக்க நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அவற்றை விபத்துக்கு முன்பே முறைப்படுத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு எதையும் தொடக் கூடாது.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, நாளை சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருகிறார், யாரோ ஒரு நண்பர் ‘ராத்திரியோட அந்த பாரைக் கழட்டிடு, பழைய வீலை மாட்டிடு’ என்று யோசனை சொல்கிறார். செய்யாதீர்கள். சம்பவ இடத்துப் படங்கள், மீட்பு வண்டிக்காரர் எடுத்த படம், போலீஸ் எடுத்த படம் என்று ஏதாவது ஒன்றில் அந்த பார் இருக்கும். சொல்லாமல் விட்ட மாற்றம் என்று இருந்தது, மோசடி என்று ஆகிவிடும். ‘இது ஷோரூம்லயே வந்தது’ என்ற பொய்யும் அப்படித்தான். மாற்றத்தை ஒத்துக்கொண்டு, அதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாதிடுவது எவ்வளவோ பலமான நிலை.

அந்த வாதத்துக்கு இடமும் இருக்கிறது. சிக்னலில் நின்ற காரைப் பின்னாலிருந்து லாரி இடித்ததற்கு அலாய் வீல் எப்படிக் காரணம்? மொத்தமாக மறுத்தால், எந்த பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, அதற்கும் இந்த விபத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். 2010-ல் அமலேந்து சாகு வழக்கில், வண்டியை நிபந்தனைக்கு மாறாக வாடகைக்கு விட்டிருந்தபோதும், கிளைமை முழுதாக மறுக்கக் கூடாது, ‘நான்-ஸ்டாண்டர்ட்’ அடிப்படையில் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த முறையில் ஏற்கத்தக்க தொகையில் 75% வரை கிடைக்க வழியுண்டு. முழு மறுப்புக் கடிதம் வந்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதை.

‘மார்க்கெட் ரேட் இவ்வளவுதான் சார்’

சரி, கிளைம் ஏற்கப்பட்டுவிட்டது. போன் வருகிறது. ‘உங்க வண்டி ஐடிவி ஏழு இருபதுதான், ஆனா கண்டிஷன் பார்த்தா ஆறுதான் வரும். இன்னைக்கே கையெழுத்து போட்டா மூணு நாள்ல பணம்.’ மாற்றம் செய்த காருக்கு இந்தப் பேச்சு கூடுதலாக வரும், ‘ஆல்டர் பண்ண வண்டிக்கு மதிப்பு குறைவு’ என்ற வாலோடு.

நிலையான மோட்டார் பாலிசியின் வாசகத்தைத் திறந்து பாருங்கள். டோட்டல் லாஸ் கிளைமுக்கு, பாலிசிக் காலம் முழுவதும் ஐடிவியே வண்டியின் சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும், மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்று அதிலேயே இருக்கும். கழிக்கக்கூடியவை சில: கட்டாயக் கழிவு (கிளைமில் உங்கள் பங்காக எப்போதும் பிடிக்கும் தொகை), நீங்களே ஒத்துக்கொண்ட தன்னார்வக் கழிவு, நொறுங்கிய வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் சால்வேஜ் மதிப்பு, அதாவது நொறுங்கிய நிலையில் அது விலைபோகும் தொகை. கட்டாயக் கழிவு 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு லட்சம் குறைகிறது என்றால் காரணத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் பதில் சொல்லவே வேண்டாம். ‘நீங்கள் சொன்ன தொகையையும் அதன் கணக்கையும் எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். எழுத்துக்கு வந்ததும் பல கழிவுகள் தாமாகவே காணாமல் போகும்.

சர்வேயரின் அறிக்கை நகலையும் கேட்டு வாங்குங்கள். அதுவே கடைசி வார்த்தை என்று நினைத்து ஒடுங்கிவிட வேண்டாம். 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறது. கட்டணம் கொடுத்து உரிமம் பெற்ற வேறு சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கிச் சமர்ப்பிக்கவும் உங்களுக்குத் தடையில்லை.

சால்வேஜில் ஒளிந்திருக்கும் பணம்

இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மாற்றம் செய்த கார்க்காரர்கள் அதிகம் இழப்பது இங்கே.

நொறுங்கிய வண்டியின் படங்களைப் போட்டு நிறுவனம் ஏலம் கேட்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் படத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். படத்தில் 17 அங்குல அலாய் வீலும் பின்பக்கம் ஆம்ப்ளிஃபயரும் தெரிந்தால் ஏலத் தொகை ஏறும். ஆனால் அந்தப் பொருட்களுக்கு பாலிசியில் காப்பீடே இல்லை, அவற்றுக்காக உங்களுக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஏறிய ஏலத் தொகைதான் உங்கள் பணத்திலிருந்து கழியும். வண்டியை அவர்களிடமே விட்டாலும், அறிவிக்காத பொருட்கள் ஏலம் எடுத்தவரோடு போய்விடும்.

வழி இதுதான். சர்வே முடிந்தவுடன், ஏலத்துக்குப் போகும் முன், காப்பீடு செய்யாத பொருட்கள் இவை, பில் இணைத்திருக்கிறேன், இவற்றைக் கழற்றிக்கொண்டு ஒரிஜினல் பாகங்களை மாட்டித்தர அனுமதி வேண்டும் என்று மெயில் அனுப்புங்கள். பரணில் வைத்த பழைய வீல் இப்போது கைகொடுக்கும். அனுமதி எழுத்தில் வந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கழற்றினால், படத்தில் இருந்த பொருள் வண்டியில் இல்லை என்று வாங்கியவர் பின்வாங்குவார், குறைந்த தொகை உங்கள் தலையில் விழும். காப்பீடு செய்து பணமும் வாங்கிய பொருளைக் கழற்ற உரிமை இல்லை, அதைக் கேட்கவும் வேண்டாம்.

கையெழுத்து, கடன், புகார்

‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று அச்சிட்ட டிஸ்சார்ஜ் வவுச்சரை, தொகையில் உடன்பாடு இல்லாமல் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். பணம் அவசரமென்றால், தொகையில் ஆட்சேபம் உள்ளது என்று அன்றே தனியாக மெயில் போட்டுவிடுங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை பறிபோகாது என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனாலும் ஆட்சேபம் பதிவில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

வண்டி மீது கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். வங்கியிடமிருந்து நிலுவைக் கடிதத்தை முன்பே வாங்கி வையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

உடன்பாடு வரவில்லையா? நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், அப்புறம் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா என்ற புகார் தளம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்). தமிழ்நாட்டுக்கு இந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை விசாரிக்கிறார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம்.

பணம் வந்ததும் முடிந்துவிட்டது என்று ஆர்சியை மறந்துவிடுவது கடைசித் தவறு. வண்டி நிரந்தரமாக ஓடாது என்றால் பிரிவு 55-ன்படி 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்து ஓட்டும் எண்ணத்தில் யாராவது ஏலத்தில் எடுத்திருந்தால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபாஸ்டேக்கையும் அன்றே மூடிவிடுங்கள்.