முதலில் பியானோ, அப்புறம் வீட்டுக்கல்வி

பிள்ளையைப் பாடசாலையால் நிற்பாட்டி வீட்டிலேயே படிப்பிக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? அவசரப்படாமல் ஒரு தவணைக்குப் பியானோவை மட்டும் நீங்களே சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையோடு உட்கார முடிகிறதா, பிழை விடும்போது உங்கள் குரல் உயராமல் இருக்கிறதா என்பதெல்லாம் கணிதப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

திருகோணமலையில் கடலை அண்டி இருப்பவர்கள் மரப் பியானோ தேடி அலைய வேண்டாம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மாரி ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் இறுகும். 61 கட்டை கீபோர்ட் போதும். ஆனால் மெதுவாகத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் பலமாகவும் கேட்கிறதா என்று கடையிலேயே வாசித்துப் பார்த்து வாங்குங்கள். பற்றரியிலும் இயங்கினால் கரண்ட் போகும் நாளிலும் பாடம் நிற்காது.

முதல் பாடத்தில் வெள்ளைக் கட்டையைத் தொடவே விடாதீர்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அடுத்த பாடத்தில் வெள்ளைக்கு வாருங்கள். இரண்டு உள்ள கூட்டத்தை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் ஸி (C) என்ற சுரம், 61 கட்டையில் இடமிருந்து மூன்றாவதாக வரும் ஸி நடு ஸி. கையில் ஒரு தேசிக்காயைப் பொத்திய மாதிரி விரல்கள் வளைந்திருக்க, வலக்கைப் பெருவிரலை அதில் வைத்தால் ஐந்து விரலுக்கும் ச ரி க ம ப வந்துவிடும். சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளை என்றால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வெள்ளைக் கட்டையில் மட்டும் வாசித்தால் அது சங்கராபரண ராகம், வகுப்பில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைப் பாடுவதோ மாயாமாளவகௌளை ராகத்தில். அதற்கு ரி இரண்டு கறுப்பில் முதலாவது, த மூன்று கறுப்பில் நடுவில் உள்ளது. தான் பாடியதைக் கட்டையில் தேடிப் பிடிக்கும்போது பிள்ளைக்கு வரும் சந்தோசத்தை அவசரப்படுத்தாதீர்கள், அன்றைய பாடம் அதுவாகவே இருக்கட்டும். ஆறேழு வயதுக்கு ஒரு நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் தாராளம்.

இந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு பக்கத்திலேயே பின்னத்தைத் தொடங்கலாம். ஒரு சுரம் எத்தனை அடி நீளும் என்பதைக் காட்டும் குறிகளை, செமிபிரீவ் நான்கு அடி, மினிம் இரண்டு, குரொட்செற் ஒன்று என்று கைதட்டிய பிள்ளைக்கு அரையும் காலும் புதிதாக இருக்காது. தமிழ்ப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம்.

சரி, முழுதாக மாறுவது என்றால் ஒரு விஷயம். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், அதனால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு நேரில் போய் உங்கள் பிள்ளையின் வயதையும் தரத்தையும் சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வழி உண்டு, அதற்கு என்ன ஆவணம் தேவை என்பதையும் அப்போதே விசாரியுங்கள். அந்தப் பதில் கையில் கிடைக்கும் வரை விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம்.