கொத்துத் தலைவலி: மாத்திரை வேலை செய்வதற்குள் வலி முடிந்துவிடும்

மைக்ரேனுக்குத் தமிழில் 'ஒற்றைத் தலைவலி' என்று பெயர் இருப்பதே முதல் தவறுக்கு வழிவிடுகிறது. கொத்துத் தலைவலியும் (ஆங்கிலத்தில் கிளஸ்டர் ஹெட்டேக்) ஒரு பக்கம்தான் வரும். "ஒத்தத் தலைவலி டாக்டர்" என்று மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு கிளினிக்கில் சொன்னால், மைக்ரேன் என்று எழுதி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். கொத்துத் தலைவலி வந்தவரால் படுக்கவே முடியாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், நெற்றியைச் சுவரில் முட்டுவார். ஒரு கண்ணைச் சுற்றியும் பின்னாலும் குடையும். அதே பக்கக் கண் சிவந்து நீர் கொட்டும், இமை சரியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு நாளில் 8 முறைகூட வரலாம். பலரை அது தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுப்பும். சில வாரங்கள், சில மாதங்கள் இப்படி ஆட்டிவைத்துவிட்டு, பிறகு மாதக் கணக்கில் எட்டிப் பார்க்காது.

மூக்கு ஒழுகுவதால் சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறார்கள். வலி மேல்தாடைக்கு இறங்குவதால் நல்ல பல்லையே பிடுங்கிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், அடையாளங்களைச் சொல்லுங்கள். வலி வந்திருக்கும்போது கண்ணையும் இமையையும் வீட்டில் ஒருவர் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்தால், பத்து நிமிட விளக்கத்தைவிட அது உதவும். நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி போன்றவையும் இதே வலியைத் தரக்கூடும், அதனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த தவறு பனடோல் (பாராசிட்டமால்). விழுங்கிய மாத்திரை வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதற்குள் வலி உச்சத்துக்குப் போய், பல நேரம் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். மாத்திரைதான் கேட்டது என்று நம்பி, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று கூட்டுகிறார்கள். ஈரல் கெடுவதுதான் மிச்சம். இந்த வலிக்கென்று டாக்டர் எழுதும் சுமாட்ரிப்டானும் மாத்திரையாக விழுங்கினால் தாமதம்தான். 6 மில்லிகிராம் ஊசியாகத் தோலுக்கடியில் போட்டால் 15 நிமிடத்தில் பலருக்கு வலி அடங்கும். 24 மணி நேரத்தில் இரண்டு ஊசிக்கு மேல் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் போடவே கூடாது.

இன்னொரு மருந்து ஆக்சிஜன். நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், 15 முதல் 20 நிமிடம். இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், வாடகைக்குக் கிடைக்கும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் பெரும்பாலும் 5 லிட்டர்தான் தரும், அது போதாது. சிலிண்டர் வேண்டும், அதன் ரெகுலேட்டரும் 15 வரை போக வேண்டும். மூக்கில் செருகும் குழாய் பயன்படாது. பை தொங்கும், வெளிக்காற்று கலக்காத மாஸ்க் வேண்டும். முதலில் பையை நிரப்புங்கள், பிறகு மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் பிடித்து, சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு விடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பின் தொடங்கினால் பலன் குறையும். கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்: 12 லிட்டர் வீதம் 15 நிமிடத்துக்கு 180 லிட்டர். சுமார் 680 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் நான்கு தாக்குதலுக்குக்கூட வராது. பெரியதாக எடுங்கள், சங்கிலியால் சுவரோடு கட்டி நிறுத்துங்கள். நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நம் வீடுகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. தலைவலி என்றதும் கை கோடாலித் தைலத்துக்குப் போகும். எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியிலும் மூக்கிலும் ஆக்சிஜன் பட்டால், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. தைலம் தடவியிருந்தால் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மாஸ்க் போடுங்கள். சாமி விளக்கு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

வலி வரும் காலத்தில் ஒரே ஒரு கிளாஸ் பீரோ கள்ளோ பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலியை இழுத்துவரும். தீபாவளிக்கும் நண்பர் கல்யாணத்துக்கும் யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். மதியத் தூக்கமும் சிலருக்கு வலியைக் கிளப்பும்.

தடுப்பு மருந்தான வெரபமிலில் அவசரமும் தவறு, அலட்சியமும் தவறு. பெரும்பாலும் நாளுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். தொடங்கும் முன்பும் ஒவ்வொரு முறை ஏற்றிய பின்பும் ஈசிஜி எடுக்க வேண்டும், ஏனென்றால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது தாமதப்படுத்தும். ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறு வெரபமிலின் அளவை இரத்தத்தில் கூட்டும். தம்புன் பம்பளிமாஸும் அதே குடும்பம், மருந்து முடியும்வரை அதையும் விட்டுவைப்பது நல்லது. வெரபமில் பிடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சமாளிக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாள் கொடுப்பார்கள். மிச்சமிருந்ததை வைத்து அடுத்த மாதமும் நீங்களே தொடரக் கூடாது.

திடீரென இடி விழுந்தது போல் வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, இவை கொத்துத் தலைவலியின் அடையாளங்கள் அல்ல. உடனே 999.

வலியின் நடுவில் செத்துவிடலாமா என்று தோன்றுவது இந்த நோயில் நடக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று வீட்டார் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மனம் உடைந்தவர்களிடம் தொலைபேசியில் பேசி உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் எண் 03-7627 2929. அதைச் சிலிண்டரின் மேலேயே ஒட்டி வையுங்கள், நடுராத்திரியில் தேடாமல் கிடைக்கும்.