தமிழ் இணையதளத்துக்கு எழுத்துரு தேரும்போது நேரும் தவறுகள்

தமிழ்ப் பக்கத்துக்கான எழுத்துருவை ஆங்கில எழுத்துகளின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு. ரோபோட்டோ, லாட்டோ போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அவற்றை மட்டும் குறிப்பிட்டுவிட்டால், உலாவி அந்தந்தக் கருவியில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒரே பக்கம் ஆளுக்கொரு தோற்றத்தில் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்க முறை) எழுத்துருக்களில் ஒன்றைப் பக்கத்தோடு இணைத்து, பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களை இன்னும் வைத்திருப்போர் உடனே மாற்றிவிடுவது நல்லது. அவற்றில் எழுதியதைத் தேடுபொறியும் கண்டுகொள்ளாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் படிக்காது.

வரியிடைவெளியில் நேரும் தவறு இதைவிடக் கண்ணை வருத்துவது. தமிழில் ‘கி’, ‘மீ’ ஆகியவற்றின் மேல்விலங்கும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே எழ, ‘சு’, ‘பு’, ‘வு’ ஆகியவற்றின் இறங்கு கீற்று கீழே நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான, எழுத்தளவைப் போல் 1.3 மடங்கு இடைவெளியில் மேல்வரியின் கீற்று கீழ்வரியின் புள்ளியை நெருங்கி, பத்தி முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கும். 1.6 முதல் 1.8 மடங்கு வரை வைத்தால் கண் தடுமாறாமல் அடுத்த வரிக்கு இறங்கும். நீண்ட சொற்கள் மிகுந்த மொழி என்பதால், கைபேசியின் குறுகிய திரையில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே போதும்.

மீரா இனிமை, பவனம் ஆகிய எழுத்துருக்களுக்குத் தடித்த வடிவம் இல்லை. அவற்றில் தலைப்பைத் தடிமனாக்கச் சொன்னால் உலாவி கோடுகளைச் செயற்கையாகப் பருக்க வைப்பதால், ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகின்றன. தலைப்புக்கெனத் தடித்த வடிவம் உள்ள எழுத்துருவையே தேர வேண்டும்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். வழக்கமான அளவுள்ள எழுத்துக்குக் பின்னணியோடு குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு தேவை என்கின்றன உலகளாவிய அணுகல்தன்மை நெறிகள்.

முடிவெடுக்கும் முன் ‘தொண்ணூற்றொன்பது’, ‘வரலாறு’ ஆகிய சொற்களை 16 பிக்சல் அளவில் ஒரு சாதாரணக் கைபேசியில் இட்டுப் பாருங்கள். ‘ண்ணூ’வின் சுழிகள் தனித்தனியே தெரிகின்றனவா, ரகரம் துணைக்காலோடு மயங்காமல் நிற்கிறதா என்பதைக் கண்ணாடி அணிந்து படிக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.