மயக்கம் வந்ததா, மயங்கி விழுந்தீர்களா?

சில வருடங்களுக்கு முன் லீவு கேட்டு, 'ஐ ஃபெயின்டட் திஸ் மார்னிங்' என்று மெசேஜ் போட்டேன். காலையில் எழுந்தபோது தலை கிறுகிறுவென்று சுற்றியது, அவ்வளவுதான். லண்டனில் இருந்த மேலாளர் பதறிப்போய் ஃபோன் செய்தார். எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தாய், தலையில் அடிபட்டதா என்று ஒரே விசாரணை.

தப்பு என்மேல்தான். தமிழில் தலைசுற்றலும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். ஆங்கிலத்தில் 'ஃபெயின்டட்' என்றால் நினைவு தப்பியே விட்டது. வெறும் கிறுகிறுப்புக்கு 'ஐ ஃபீல் டிஸி' போதும். விழுந்துவிடுவோமோ என்றிருந்தால் 'ஐ ஃபீல் ஃபெயின்ட்'. 'ஃபீல்' இருக்கும்வரை ஆள் இன்னும் விழவில்லை. டாக்டரிடம் இதை மாற்றிச் சொன்னால், தேவையில்லாத டெஸ்ட்டுகளுக்கு அலைய நேரிடும்.

அப்புறம் வலி. 'மை லெக் இஸ் பெயினிங்' நம்மூரில் செல்லுபடியாகும்; வெளியே உறுத்தும். 'பெயின்' வினைச்சொல்லாக வந்தால் இன்று பெரும்பாலும் மனவருத்தம்தான். காலுக்கு 'மை லெக் ஹர்ட்ஸ்'. நேற்று வலித்ததற்கும் 'ஹர்ட்' தான், 'ஹர்ட்டட்' என்று ஒன்று கிடையாது. மந்தமாக விடாமல் வலித்தால் 'ஏக்', விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராப்', புண்ணில் டிஞ்சர் பட்டதுபோல் சுரீரென்றால் 'ஸ்டிங்'.

கை அரிப்பதை 'மை ஹேண்ட் இஸ் ஸ்க்ராட்சிங்' என்பார்கள். அரிப்பது 'இட்ச்', சொறிவதுதான் 'ஸ்க்ராட்ச்'. குமட்டலுக்கு 'வாமிட்டிங் சென்சேஷன்' எல்லாம் வேண்டாம், 'ஐ ஃபீல் ஸிக்' என்றாலே பிரிட்டனில் புரியும். 'ஐ வாஸ் ஸிக்' என்று சொன்னால் மட்டும், வாந்தியே எடுத்துவிட்டதாக அங்கே நினைப்பார்கள். அமெரிக்காவில் அது வெறுமனே உடம்பு சரியில்லை என்பதுதான்.

மனம் சம்பந்தப்பட்டதில் பெரிய வில்லங்கம் 'ஐ ஆம் போரிங்'. 'எனக்கு போரடிக்குது' என்று நினைத்துச் சொல்வது, 'நான் ஒரு அறுவை' என்று போய்ச் சேர்கிறது. அந்த 'எனக்கு' தான் காரணம். ஆங்கிலத்தில் அது 'ஐ' ஆனதும், வினையின் வாலையும் மாற்ற வேண்டும். படுத்துகிற பொருளுக்கு 'இங்', படுகிற ஆளுக்கு 'எட்': படம் போரிங், நான் போர்ட், பயணம் டயரிங், நான் டயர்ட். வேடிக்கை என்னவென்றால், தமிழில் பேசும்போது 'ரொம்ப டயர்டா இருக்கு' என்று சரியாகச் சொல்கிறவர்களே ஆங்கிலத்துக்குத் தாவியதும் 'ஐ ஆம் டயரிங்' ஆகிவிடுகிறார்கள்.