குறைந்த நிகோடின் சிகரெட்டைப் பற்றிப் புகைப்பவரிடம் சொல்வது எப்படி?

சிகாகோவில் ஒரு சமூக மருத்துவ மையத்தில், புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. 2022 வசந்தத்தில் இந்த ஊர்க் கடைகளில்தான் விஎல்என் என்ற சிகரெட் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வழக்கமான சிகரெட்டைவிட 95% நிகோடின் குறைவு என்று விளம்பரம் செய்துகொள்ள, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்திருந்தது. அதன் பிறகு வயதில் மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்று யார் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “இதைப் பிடிச்சா கேன்சர் வராதில்ல?”

வரும். இந்தப் பதிலைப் புகைப்பவரின் மனதில் நிற்கும்படி எப்படிச் சொல்வது என்பதைத்தான் எழுதுகிறேன். மருத்துவமனையில் துண்டுத்தாள் எழுதுபவர்களுக்கும், தமிழ்ச் சங்கத்தில் நலவாழ்வு முகாம் நடத்துபவர்களுக்கும், வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ பேசப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண சிகரெட் ஒன்றின் புகையிலையில் சுமார் 10 முதல் 14 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். அதில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் பிடிப்பவரின் ரத்தத்தில் சேர்கிறது. பழக்கம் ஒட்டிக்கொள்ள அந்த அளவே போதும். குறைந்த நிகோடின் சிகரெட்டில் புகையிலைச் செடியின் மரபணுவையே மாற்றி, இலையில் நிகோடின் மிகக் குறைவாக ஊறும்படி செய்திருக்கிறார்கள். மற்றபடி அதுவும் இலை, காகிதம், நெருப்பு. தார் என்கிற பிசுபிசுப்பான கசடு, கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் எரிவதிலிருந்து வருகிறவை. நிகோடினைக் குறைத்தாலும் அவை குறைவதில்லை.

தார் குறைவு என்று சொல்லி விற்கப்பட்ட ‘லைட்ஸ்’ சிகரெட்டோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் லைட்ஸ் பிடித்தே வளர்ந்தவர்கள் என்பதால், அதை நான் கையில் எடுத்துக் காட்டிவிடுவேன். ஒரு சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வட்டமாக ஒரு வரிசை ஊசித்துளைகள் தெரியும். சோதனைக்கூட இயந்திரம் புகையை இழுக்கும்போது இந்தத் துளைகள் வழியே காற்றும் உள்ளே போய்க் கலந்துவிடும். கணக்கில் தார் குறைவு, நிகோடின் குறைவு என்று வரும். மனிதர் இழுக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகள் மேலேயே இருக்கின்றன. நிகோடின் பத்தவில்லையென்றால் இன்னும் ஆழமாக இழுக்கிறார், இன்னொன்றைப் பற்றவைக்கிறார். லைட்ஸால் மக்கள் உடல்நலத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அறிக்கை 2001-லேயே சொல்லிவிட்டது. 2009-ல் சட்டம் வந்து, 2010 ஜூனிலிருந்து ‘லைட்’, ‘மைல்ட்’, ‘லோ’ என்ற சொற்களைப் பெட்டியில் போடக் கூடாது என்றானது. சொல் போனது, நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. தங்க நிறம், வெள்ளி நிறம் என்று பெட்டிகள் மாறின. பிடிப்பவர்களுக்கு நிறத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்தது.

புது சிகரெட் இந்த வகையில் வேறு. இலையிலேயே நிகோடின் மிகக் குறைவாக இருப்பதால் எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் பெரிதாகக் கிடைக்காது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 840 பேருக்கு ஆறு வாரம் வெவ்வேறு அளவு நிகோடின் உள்ள சிகரெட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகக் குறைந்த அளவு பெற்றவர்கள் ஒரு நாளைக்குப் பிடித்த எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆக, இந்த சிகரெட்டால் ஒரு நன்மை இருக்கிறது, பிடி தளர்கிறது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் நீங்கள் சொல்லும் மற்றதையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டாவது, சொல்வதற்கு முன் கேளுங்கள். நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பேன். “சிகரெட்டில் உங்களை விடவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது?” பதில் வந்த பிறகு, “நோயைக் கொடுப்பது எது?” பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நிகோடின் என்றே சொல்வார்கள். இதில் வியப்பில்லை. பல வருடங்களாக நம் விழிப்புணர்வு வாசகங்களில் நிகோடின் என்ற பெயரும் புற்றுநோய் என்ற பெயரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றிருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த ஒரு தேசியக் கணக்கெடுப்பில், குறைந்த நிகோடின் சிகரெட்டை 30 வருடம் பிடித்தாலும் சாதாரண சிகரெட்டைவிடப் புற்றுநோய் வாய்ப்பு குறைவு என்று புகைப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னார்கள்.

இந்தத் தப்பெண்ணம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். நிகோடின்தான் கேன்சர் என்று நம்புகிறவர், நிகோடின் குறைந்த சிகரெட்டைத் தைரியமாகப் பிடிக்கிறார். அதே ஆள், நான் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் கொடுத்தால் “ஐயையோ, அது நிகோடினாச்சே” என்று கையை இழுத்துக்கொள்கிறார். நுரையீரலை அரிக்கும் புகை உள்ளே போகிறது, அதிலிருந்து மீட்க வந்த மருந்து மேசையிலேயே கிடக்கிறது. மக்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவது தாரினால் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரசல் 1976-லேயே எழுதிவிட்டார். அந்தச் செய்தி இன்னும் புகைப்பவரிடம் போய்ச் சேரவில்லை. நிகோடின் தீங்கே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அது கூடாது. ஆனால் ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவதற்குக் காரணம் புகை.

இனி வாசகம். இப்படி ஒரு துண்டுத்தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“புதிய சிகரெட்டில் 95% நிகோடின் குறைவு. இருப்பினும் எல்லா சிகரெட்டுகளும் உடல்நலத்துக்குத் தீங்கானவை.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இது வேலை செய்யாது. முதலில் வருகிற எண்தான் மனதில் ஒட்டும். ‘இருப்பினும்’ என்று தொடங்குவதை எல்லோரும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்வார்கள், பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் வேறு. 95 என்பது எதிலிருந்து குறைந்தது என்பதும் நழுவிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் “95 சதவீதம் ஆபத்து குறைவாம்” என்பார்கள். அந்த எண்ணைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், ஆபத்து, நோய், பாதுகாப்பு போன்ற சொற்கள் உள்ள வாக்கியத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

“இந்த சிகரெட்டின் புகை, நீங்கள் இப்போது பிடிக்கும் சிகரெட்டின் புகை மாதிரியேதான். புற்றுநோயும் மாரடைப்பும் அந்தப் புகையால் வருகின்றன. இதில் குறைந்திருப்பது நிகோடின், அதாவது உங்களை விடவிடாமல் இழுக்கும் பொருள். அதனால் விடுவது கொஞ்சம் சுலபமாகலாம். எந்தத் தேதியில் விடப்போகிறீர்கள்? அதற்கு என்ன உதவி வேண்டும்?”

வரிசைதான் இதில் முக்கியம். முதலில் புகை, அடுத்து நிகோடின், முடிவில் விடும் தேதி. அனுமதி கொடுத்தபோது எஃப்டிஏவும் வெறும் ‘95% குறைவு’ என்பதோடு விடவில்லை. ‘குறைவாகப் புகைக்க உதவும்’ என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொன்னது. பொருள் எதற்கு என்பது எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும் என்பது சரியான எண்ணம். நிகோடின் குறைவு என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை என்ற வரியும் கூடவே வர வேண்டும், அதே அளவு எழுத்தில்.

பெயர் மட்டுமே எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரே குறைந்த நிகோடின் சிகரெட்டையே, சிலருக்குச் சாதாரண அளவு என்றும் சிலருக்கு மிகக் குறைந்த நிகோடின் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். குறைவு என்று கேட்டவர்களுக்கு அதில் ருசியும் திருப்தியும் குறைவாகத் தெரிந்தன, கூடவே அது ஆபத்தும் குறைந்தது என்று பட்டது. முதலாவது நமக்கு உதவும், இரண்டாவது கெடுக்கும். ஆகவே ‘முன்னே இருந்த கிக் இருக்காது’ என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். ‘மென்மையானது’, ‘சுத்தமானது’, ‘இதமானது’ போன்ற சொற்களை எங்கேயும் நுழைய விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். இதைச் செய்யாத எந்த வாசகத்தையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கிடங்கில் இரவு வேலை பார்க்கும் கரூர்க்காரர் ஒருவரிடம் இப்படிக் கேட்டேன்:

“வீட்டுக்குப் போய் அண்ணிகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க அண்ணா?”

“இதுல நிகோடின் கிடையாதாம், அதனால அவ்வளவா ஒண்ணும் பண்ணாதுன்னு கிளினிக்ல சொன்னாங்கன்னு சொல்வேன்மா.”

இந்த இடத்தில் முன்னால் சொன்னதையே உரக்கச் சொல்வதால் பயனில்லை. அவரையே நடக்க வையுங்கள்.

“பத்த வெச்சா புகை வருமா அண்ணா?”

“வரும்.”

“உள்ள இழுக்கிறீங்களா?”

“இழுக்காம எப்படிம்மா?”

“அப்ப அந்தப் புகையில எது மாறிச்சு?”

கொஞ்சம் யோசித்தார். “புகை அதே புகைதான். இழுக்கணும்ங்கிற வெறி மட்டும் குறையும், அப்படித்தானே?” அப்படித்தான் அண்ணா என்றேன். ‘வெறி’ என்பது அவர் சொல். அடுத்த அச்சில் அந்தச் சொல்லையே போட்டோம். புகைப்பவர் வாயில் வருகிற சொல்லைவிட நல்ல சொல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

அடுத்து, கையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். குறைந்த நிகோடின் சிகரெட்டை மட்டும் நம்பி இறங்கினால் முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் சேர்ந்து வரும். பக்கத்திலேயே பழைய பெட்டியும் இருந்தால் கை அதற்குத்தான் போகும். குறைந்த நிகோடின் சிகரெட்டை இலவசமாகக் கொடுத்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களிலேயே பலர் நடுநடுவே சாதாரண சிகரெட்டும் பிடித்திருக்கிறார்கள். ஆகவே பேட்ச், நிகோடின் சூயிங்கம் இரண்டையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இங்கே அவை மருந்துச் சீட்டில்லாமலே கிடைக்கும். நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர் 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்கலாம். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2. சும்மா மெல்லக் கூடாது. நாக்கில் காரம் ஏறும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக இறங்காது. இதய நோய் இருப்பவரும் கர்ப்பிணியும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

கொள்கைச் செய்தியைப் பகிரும்போதும் இதே கவனம் வேண்டும். சிகரெட் புகையிலையில் ஒரு கிராமுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் எஃப்டிஏ வரைவு விதி வெளியிட்டது. அது நடைமுறைக்கு வந்தால் ஒரு வருடத்துக்குள் 1 கோடியே 29 லட்சம் பேர் சிகரெட்டை விடுவார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. நியூசிலாந்து 2022-ல் இதேபோல ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அமலுக்கு வரும் முன்பே 2024-ல் நீக்கிவிட்டது. வாட்ஸப்பில் இது “அமெரிக்காவில் ஆபத்தில்லாத சிகரெட் வருகிறது” என்று மாறித்தான் சுற்றுகிறது. நான் மேலே சொன்ன கணக்கெடுப்பில், இப்படி ஒரு விதி வந்தால் விடும் எண்ணம் குறையும் என்று புகைப்பவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குச் சொன்னார்கள். அரசே பார்த்துப் பாதுகாப்பாக்கிவிட்டது, இனி எதற்கு விட வேண்டும் என்ற நினைப்புதான். ஆகவே அப்படி ஒரு செய்தி குடும்பக் குழுவில் வந்தால், கீழேயே இரண்டு வரி சேருங்கள்: புகை மாறவில்லை, விடுவதைச் சுலபமாக்கத்தான் இந்த விதி. மூன்றாவது வரியாக உதவி எண்ணைப் போடுங்கள். அமெரிக்காவில் 1-800-784-8669, இந்தியாவில் 1800-11-2356. இரண்டும் கட்டணமில்லாதவை. எண்ணை அனுப்பிவிட்டு மறுநாள் “கூப்பிட்டீங்களா மாமா?” என்று ஒரு போன் போடுங்கள். கூப்பிடவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே டயல் செய்து கொடுங்கள்.