காட்டுயிர்த் தொகுப்பாளர் மறைந்தால் தெருவில் இரங்கல் கூட்டம் நடத்துவது எப்படி

தொலைக்காட்சியில் முதலையோடும் பாம்போடும் புழங்கிய ஒருவர் திடீரென இறந்துபோனால், அவரை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத நம் பிள்ளைகள், சொந்த வீட்டில் ஒருவர் போனதைப் போலச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். 2006 செப்டம்பர் 4 அன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால் பேட் ரீஃப் பவளத்திட்டில் படப்பிடிப்பில் இருந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின், திருக்கையின் வால்முள் மார்பில் பாய்ந்து 44 வயதில் மறைந்தபோது எங்கள் தெருவிலும் அப்படித்தான் இருந்தது. அப்போது நாங்கள் நடத்திய சிறு கூட்டத்தில் செய்த பிழைகள் கற்றுத் தந்தவையே இக்குறிப்பில் பெரும்பாலும் உள்ளன.

செய்தி வந்த அன்றே துண்டறிக்கை அடிக்காதீர்கள். இர்வின் தம் மார்பில் தைத்த முள்ளைத் தாமே பிடுங்கி எறிந்தார் என்று அன்று உலகமெங்கும் எழுதினார்கள். நாங்களும் அதை வீரச் செயலாக அச்சிட்டு விநியோகித்தோம். அவர் அருகிலேயே இருந்த ஒளிப்பதிவாளர் ஜஸ்டின் லயன்ஸ் 2014இல் பேசியபோது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். இறந்தவரின் பெயர், வயது, நாள், இடம் ஆகிய நான்கும் போதும். இறந்த விதத்தை விவரிக்க இரண்டு நாள் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அவருடைய கடைசி நிமிடக் காட்சி என்று யாராவது கைப்பேசியில் எதையாவது அனுப்பினால், திறக்காமலே அழித்துவிடுங்கள்.

அடுத்தது சுவரொட்டி வாசகம். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எங்களுக்கு எழுதித் தந்த அச்சகத்தார், வாலைச் சுழற்றும் ஒரு திருக்கையைச் சிவப்பு வண்ணத்தில் வரைந்து, கீழே 'கொலைகார மீனுக்குப் பலியான மாவீரன்' என்று போட்டிருந்தார். கண்ணீர் அஞ்சலியாகத் தொடங்கியது பழி தீர்க்கும் அழைப்பாக முடிந்திருந்தது. இது வெறும் சொற்பிழைதானே என்று நினைக்கக் கூடாது. இர்வின் மறைந்த அடுத்த சில வாரங்களில் குயின்ஸ்லாந்து கடற்கரைகளில் குறைந்தது 10 திருக்கைகள் செத்துக் கிடந்தன, அவற்றில் சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது, அவர் பெயரைச் சொல்லிப் பழிவாங்கிய வேலையாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. வாழ்நாளெல்லாம் உயிரினங்களுக்காகப் பேசியவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. நம் ஊரில் பாம்புகடியால் ஒருவர் மறைந்திருந்தால், அடுத்த வாரம் தெருவில் தென்படும் சாரைப்பாம்புக்குத்தான் அடி விழும்.

வாசகம் எழுதுபவரை ஒருமுறை சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு எழுதச் சொல்லலாம். அங்கே அதிகாலையில் வலையிலிருந்து திருக்கையை எடுக்கும் மீனவர், முதலில் அதன் வாலைக் கட்டையால் அழுத்திக்கொண்டு, பின்னோக்கி வளைந்த பற்களோடு வாலின் மேல் படிந்திருக்கும் முள்ளை வெட்டி எறிந்த பிறகே மீனைக் கூடையில் போடுகிறார். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "அது நம்மளத் தேடி வந்து குத்தாது தம்பி, மிதிச்சாதான் குத்தும்" என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். மீனின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நாங்கள் பழைய சுவரொட்டியைக் கிழித்துவிட்டு 'முதலைகளின் தோழருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று மாற்றினோம்.

இடத்தைப் பொறுத்தவரை, தெருமுனையோ பூங்காவோ எதுவானாலும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தால் இந்த அலைச்சலே இல்லை. மெழுகுவத்தி ஏற்றுவதற்குப் பலருக்கும் முதலில் தோன்றுவது பெசன்ட் நகர் கடற்கரைதான். ஆனால் சனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் இரவில் அந்த மணலில்தான் ஏறி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 50 நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் பக்கத்தைக் கடலென்று நம்பி நகர்பவை. வரிசையாக எரியும் மெழுகுவத்தியும் கைப்பேசி விளக்குகளும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பொறிப்பகத்துக்கு எடுத்துச் செல்லும் கரை அது. அந்த மாதங்களில் மெழுகுவத்தியை மொட்டை மாடியில் ஏற்றுங்கள். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய தெருக்களில் பட்டாசு வேண்டவே வேண்டாம். மதிலுக்கு அப்பால் வெளிமான்கள் இருக்கின்றன.

நிகழ்ச்சி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிமிட மௌனத்துக்கு முன் கைப்பேசிகளை அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் மௌனத்தின் நடுவே ஒருவருடைய குத்துப்பாட்டு ஒலித்தது. குயின்ஸ்லாந்தில் மக்கள் இர்வினின் மிருகக்காட்சிசாலை வாசலில் மலர்களோடு, அவர் வழக்கமாக அணிந்தது போன்ற காக்கிச் சட்டைகளில் கையெழுத்திட்டு விட்டுச் சென்றதைக் கேட்டு, நாங்களும் ஒரு காக்கிச் சட்டை தேடினோம். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் தம் பழைய சட்டையைத் தந்தார், அதில் கையெழுத்திடத்தான் அதிகக் கூட்டம் நின்றது. அரசு மரியாதையுடன் அடக்கம் செய்ய முன்வந்தபோது இர்வினின் குடும்பம் வேண்டாம் என்றுவிட்டது. ஆகையால் நீங்களும் பட்டங்களை அடுக்காதீர்கள். செப்டம்பர் 20 அன்று 5,000 பேருக்கு மேல் அமரும் அரங்கில் நடந்த நினைவுக் கூட்டத்தில், ஆஸ்திரேலியப் பிரதமர் பேசிய அதே மேடையில் இர்வினின் 8 வயது மகளும் எழுதி வைத்துப் பேசினாள். உங்கள் மேடையிலும் ஒரு குழந்தை பேசட்டும். வட்டப் பிரமுகருக்கு 3 நிமிடம் போதும்.

அனுபவம் பேச ஒருவர் வேண்டுமென்றால் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலிப் பக்கத்தில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவரை அழையுங்கள். 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம்தான் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தருகிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பை மட்டும் யாரும் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, மறைந்தவரைப் போல நடித்துக் காட்ட முயலும் இளைஞர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

குழந்தைகளின் கேள்விகளுக்கு ஒருவர் தயாராக இருக்க வேண்டும். "அந்த மீனைப் பிடிச்சுட்டாங்களா மாமா?" என்று ஒரு சிறுமி கேட்டபோது எங்கள் மேடையில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிடிக்கவில்லை, பிடிக்கவும் வேண்டாம், அது பயந்துபோய்க் குத்தியது என்று மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் சொன்னார்.

வசூலான பணத்துக்குக் கணக்கெழுதி, அதே வாரம் ஒரு விலங்குக் காப்பகத்துக்குக் கொடுத்து ரசீதைத் தெருப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் சுவரொட்டிகளையும் நீங்களே உரித்துவிட வேண்டும். பசை காய்வதற்குள் நம் தெரு மாடுகள் அவற்றைத் தின்ன வந்துவிடும்.