மீன் வெட்டிய அக்கா, மீன் வெட்டிய கத்தி: ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் கட்டுவது எப்படி?

மீன் வெட்டிய அக்கா. மீன் வெட்டிய கத்தி. மீன் வெட்டிய பலகை. மூன்றிலும் ‘வெட்டிய’ ஒன்றுதான். அக்கா வெட்டினார், கத்தியால் வெட்டினார், பலகையில் வெட்டினார் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஆல்’, ‘இல்’ எல்லாம் தொக்கி நிற்கும். கேட்பவர் தானாகப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே உருபின் வேலையைப் பார்ப்பது பிரிப்பொசிஷன். அதை விழுங்கிவிட்டால் வாக்கியம் நொண்டும்.

தி வுமன் ஹூ கட் தி ஃபிஷ்.
தி நைஃப் ஷி கட் தி ஃபிஷ் வித்.
தி போர்டு ஷி கட் தி ஃபிஷ் ஆன்.

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிற, கைடு வேலை பார்க்கிற, ஹோம்ஸ்டே நடத்துகிற பிள்ளைகள் பலர் ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியம் வரை தடங்கல் இல்லை. இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி, ஒரு பெயர்ச்சொல்லை விளக்கும் ரிலேட்டிவ் கிளாஸ் கட்டும்போதுதான் அந்த ‘வித்’தும் ‘ஆன்’னும் காணாமல் போகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது பழகட்டும்.

முதல் படி: தொக்கி நிற்பதை வெளியே எடுங்கள்

‘தனுஷ்கோடி மீளாத புயல்’ என்று சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலைத்தான் சொல்கிறேன். நேரடியாக ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். முதலில் முழு வாக்கியமாக விரியுங்கள்: தனுஷ்கோடி அந்தப் புயலிலிருந்து மீளவில்லை. ‘இலிருந்து’ வெளியே வந்துவிட்டதா? ஆங்கிலத்தில் அது ‘ஃப்ரம்’.

தனுஷ்கோடி நெவர் ரிக்கவர்ட் ஃப்ரம் தி சைக்ளோன்.

எப்போதும் இப்படி நேருக்கு நேர் பொருந்தாது. அலைக்குப் பயப்படுகிறோம், அங்கே ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. வலை பின்னுவதில் கெட்டிக்காரர் என்கிறோம். அங்கே ‘குட் அட்’. எந்தச் சொல்லோடு எது வரும் என்பதைச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: பெயர்ச்சொல்லை முன்னால் தூக்குங்கள், பிரிப்பொசிஷனை அங்கேயே விடுங்கள்

தி சைக்ளோன் தட் தனுஷ்கோடி நெவர் ரிக்கவர்ட் ஃப்ரம்.

கடைசியில் ‘ஃப்ரம்’ அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். தொங்கட்டும். பிரிப்பொசிஷனில் வாக்கியம் முடியக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். பேச்சில் ஆங்கிலேயர் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வெறுமையாகத் தெரிகிறதே என்று ‘ஃப்ரம் இட்’ என்று நிரப்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் இருந்த பெயர்தான் முன்னால் போயிருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

விண்ணப்பம், கடிதம் என்றால் கொஞ்சம் மிடுக்காக எழுதலாம்: தி சைக்ளோன் ஃப்ரம் விச் தனுஷ்கோடி நெவர் ரிக்கவர்ட். இப்படி முன்னால் கொண்டுவந்தால் ‘விச்’ கட்டாயம், ஆளாக இருந்தால் ‘ஹூம்’. ‘ஃப்ரம் தட்’ என்று ஒருபோதும் வராது.

மூன்றாம் படி: நடுவில் ஜெரண்ட் வந்தால்

பிரிப்பொசிஷனுக்குப் பின்னால் ஒரு வினை வந்தால் அது ‘இங்’ போட்டு ஜெரண்ட் ஆகிவிடும். நம் ‘இறங்குதல்’, ‘பின்னுதல்’ போல ஒரு தொழிற்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஜெரண்டுக்கும் தனியாக ஒரு பிரிப்பொசிஷன் இருக்கலாம். குழப்பம் அங்கேதான்.

மன்னார் வளைகுடாவில் பல தீவுகள் இருக்கின்றன. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. ‘மீனவர்கள் இறங்கத் தடையுள்ள தீவு’ என்று ஒரு பயணியிடம் சொல்ல வேண்டும். விரித்துப் பார்ப்போம்:

ஃபிஷர்மென் ஆர் புரொஹிபிடட் ஃப்ரம் லேண்டிங் ஆன் தி ஐலண்ட்.

இரண்டு பிரிப்பொசிஷன்கள். ஒவ்வொன்றும் எதைப் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். ‘ஃப்ரம்’ பிடித்திருப்பது ‘லேண்டிங்’கை, எதிலிருந்து தடை? இறங்குவதிலிருந்து. ‘ஆன்’ பிடித்திருப்பது தீவை. இப்போது தீவை மட்டும் முன்னால் தூக்குங்கள்:

தி ஐலண்ட் தட் ஃபிஷர்மென் ஆர் புரொஹிபிடட் ஃப்ரம் லேண்டிங் ஆன்.

மிடுக்காக எழுதினால் தீவைப் பிடித்திருந்த ‘ஆன்’ மட்டும் கூடவே போகும்:

தி ஐலண்ட் ஆன் விச் ஃபிஷர்மென் ஆர் புரொஹிபிடட் ஃப்ரம் லேண்டிங்.

‘ஃப்ரம்’ அசையாது. அதைப் பிடித்து இழுத்து ‘ஃப்ரம் விச்’ என்று தொடங்கினால், தீவிலிருந்து ஏதோ கிளம்புகிற மாதிரி ஆகிவிடும். ஜெரண்டைப் பிடித்த பிரிப்பொசிஷன் ஜெரண்டோடு இருக்கும், பெயரைப் பிடித்தது மட்டும் பெயரோடு போகலாம். இது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள்:

தி டெப்த் ஹி இஸ் யூஸ்ட் டு டைவிங் டு.

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘டு’. முதல் ‘டு’ முங்குவதைப் பிடித்திருக்கிறது (‘யூஸ்ட் டு’, அதாவது பழகிப்போன), இரண்டாவது ஆழத்தை. ஆகவே முன்னால் போகக்கூடியது இரண்டாவது மட்டுமே: தி டெப்த் டு விச் ஹி இஸ் யூஸ்ட் டு டைவிங். இதில் ‘இஸ்’ஸையும் ‘இங்’கையும் விட்டுவிட்டு ‘ஹி யூஸ்ட் டு டைவ் டு’ என்றீர்களானால், முன்பு முங்கினார், இப்போது இல்லை என்று பொருள். மனிதர் கடலில் இருக்கும்போதே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

பிரிப்பொசிஷனே கேட்காத வினைகளும் உண்டு. என்ஜாய், ஸ்டாப், அப்புறம் நேரம் செலவழிப்பதைச் சொல்லும் ஸ்பெண்ட். ‘தி நெட் ஹி ஸ்பென்ட் தி மார்னிங் மெண்டிங்’: அவர் காலை முழுக்க உட்கார்ந்து சரிசெய்த வலை. இது சுலபம்.

நான்காம் படி: பிரிப்பொசிஷன் போல வேஷம் போடுபவை

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். பழையதைப் பற்றி இப்படிச் சொல்லலாம்:

தி பிரிட்ஜ் தட் தி ரயில்வே கேவ் அப் யூசிங்.

இங்கே ‘அப்’ எதையும் பிடித்திருக்கவில்லை. ‘கேவ் அப்’ இரண்டும் சேர்ந்தே ஒரு வினை, கைவிட்டது என்று பொருள். ஆகவே ‘அப் விச்’ என்று பிரிக்க வழியே இல்லை. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருக்கும் ‘ஃபார்வர்ட்’டும் அப்படித்தான், அதற்கடுத்த ‘டு’ மட்டும் அசல் பிரிப்பொசிஷன், அதனால்தான் பின்னால் ‘சீ’ வராமல் ‘சீயிங்’ வருகிறது.

சரி, நீங்களே செய்து பாருங்கள். ‘கருவாடு காயப்போடுகிற மணல்’. ‘பாசி எடுப்பதில் அவள் கெட்டிக்காரி’ என்பதில் பாசியை முன்னால் கொண்டுவாருங்கள் (தமிழில் இது சரியாக வராது, ஆங்கிலத்தில் வரும், முழு வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான்). மூன்றாவது, ‘விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுள்ள 61 நாட்கள்’.

விடைகள்:

தி சாண்ட் தே டிரை தி ஃபிஷ் ஆன்.
தி சீவீட் ஷி இஸ் குட் அட் கலெக்டிங்.
தி 61 டேஸ் டியூரிங் விச் டிராலர்ஸ் ஆர் பேன்ட் ஃப்ரம் ஃபிஷிங்.

மூன்றாவதில் மட்டும் ‘டியூரிங்’கைக் கடைசியில் தொங்கவிட்டுப் பாருங்கள், காதில் இடறும். ‘ஆன்’, ‘ஃப்ரம்’, ‘வித்’ போன்ற குட்டிச் சொற்கள் கடைசியில் நிற்கும். ‘டியூரிங்’ போன்றவை பேச்சில்கூட முன்னால்தான் வரும்.